நெல் வயல் உமிழ்வைக் குறைக்கும் கூட்டாய்வு: திட்டத்தை எந்த முனையிலிருந்து தொடங்குவது?

மண்வாசல் (கேள்வி)

ஐந்து குழுக்கள் சேர்ந்து மூன்றாண்டுக் கூட்டாய்வுக்குத் திட்ட வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். தலைப்பு பெரிது: தொழில்நுட்பத்தால் வேளாண்மையின் கார்பன் உமிழ்வைக் குறைப்பது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் மண் வேதியியல் படித்தவள். குப்பியும் தராசுமாக இருந்தவளுக்கு இப்போது முழுநேர வேலையே மின்னஞ்சலில் சமாதானம் பேசுவதுதான்.

சென்சார் செய்யும் பொறியாளர்கள், ட்ரோன் குழு, செயற்கைக்கோள் படங்களையும் மெஷின் லேர்னிங்கையும் பார்ப்பவர்கள், எங்கள் மண் ஆய்வகம், ஓர் உழவர் கூட்டமைப்பு. இவ்வளவு பேர். பயிர் நெல் என்பதில் மட்டும் ஒருமனதாக இருக்கிறோம்.

வரைவில் இப்போது இருப்பவை: தேவைக்கேற்ப உரம் தெளிக்கும் ட்ரோன், மலிவான மீத்தேன் சென்சார், டீசல் பம்புக்குப் பதில் சூரிய ஒளி பம்பு, பயோசார் (காற்றில்லாமல் கருக்கிய தாவரக் கரி) இட்டு மண் கார்பனை உயர்த்துவது, செயற்கைக்கோள் கண்காணிப்பு, உழவருக்கு ஒரு செயலி. அவரவர் கையில் இருப்பதை அவரவர் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நல்லதுதான், ஆனால் இங்கே வடம் ஆறு திசையில் போகிறது.

நான் கேட்க வந்தது:

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை மனக்கசப்பு இல்லாமல் முடிவு செய்ய ஏதாவது அளவுகோல் உண்டா? இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாக வாயு அளந்தால் அந்த எண்களை ஒரே அட்டவணையில் போடலாமா? பொறியாளர்கள் தங்கள் சென்சாரே போதும், கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவி) செலவு வீண் என்கிறார்கள். இது சரியா? கட்டுரையில் யார் பெயர் எங்கே என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. அதை எப்போது பேசித் தீர்ப்பது?

களத்தில் அளந்தவர்கள் பதில் சொன்னால் நல்லது. பொதுவான அறிவுரைகள் இணையத்தில் போதுமான அளவு கிடைக்கின்றன.

சேற்றுக்கால்

அளவுகோல் உண்டு. ஒரு தாளை எடுத்து, அந்த ஆறுக்கும் எதிரே ஒரு ஹெக்டேரில் ஒரு பருவத்துக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமானது குறையும் என்று எழுதுங்கள். தோராயம் போதும். பாதி சண்டை அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

நானே போட்டுக் காட்டுகிறேன். ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான குழு) 2019 திருத்த வழிகாட்டியின்படி, தொடர்ந்து தண்ணீர் நிற்கும், கரிம உரம் இடாத வயலுக்கு உலக சராசரி மீத்தேன் உமிழ்வு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.19 கிலோ. 110 நாள் பயிருக்கு ஏறத்தாழ 131 கிலோ. அதே குழுவின் 6வது மதிப்பீட்டறிக்கை மீத்தேனுக்குத் தரும் நூறாண்டு மதிப்பு 27, அதாவது ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பெருக்கினால் மூன்றரை டன். இதே வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக (இடையிடையே காயவிட்டு மறுபடி பாய்ச்சி) நீர் கட்டினால் அதே வழிகாட்டி 0.55ஆல் பெருக்கச் சொல்கிறது. ஆக, சுமார் 1,600 கிலோ குறைகிறது.

இப்போது பம்பைப் பாருங்கள். டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. நூறு லிட்டரை முழுதாக மிச்சப்படுத்தினாலும் 270 கிலோதான். அதோடு, சூரிய ஒளி பம்பில் தண்ணீர் செலவில்லாமல் வரும்போது யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள். வயலில் தண்ணீர் இன்னும் அதிக நாள் நிற்கும், டீசலில் மிச்சம் பிடித்ததை மீத்தேன் தின்றுவிடும். பம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீர்மட்டத்தோடு கட்டிப்போடாத பம்பு உங்கள் ஆய்வில் வேண்டாம்.

ட்ரோனுக்கு வருவோம். ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து இட்டால், அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகும் என்று பொதுவாகப் புன்செய் நிலத்துக்குச் சொல்லப்படும் கணக்கில், ஆக்சிஜன் எடையும் சேர்த்து சுமார் 1.57 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. அதன் மதிப்பு 273, எனவே 430 கிலோ. தண்ணீர் நிற்கும் நெல்லுக்கு அந்தச் சதவீதம் இன்னும் குறைவு. உரத்தில் கால்பங்கை மிச்சப்படுத்தினாலும் வயலில் கிடைக்கும் குறைப்பு நூறு கிலோவைச் சுற்றித்தான். யூரியாவைத் தயாரிக்கும்போது ஆலையில் எரிந்த எரிவாயுவையும் சேர்த்தால் கொஞ்சம் ஏறும், அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஆய்வின் எல்லையிலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்தால் நடுவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

வரைவில் இல்லாத ஒன்றைச் சொல்லவா? வைக்கோல். ஹெக்டேருக்கு ஐந்து டன் வைக்கோலை நடவுக்கு ஒரு மாதத்துக்குள் மடக்கி உழுதால், அதே வழிகாட்டியின் சூத்திரம் மீத்தேனை ஏறத்தாழ 2.9 மடங்காக்குகிறது. ஒரு மாதத்துக்கு முன்பே உழுதுவிட்டால் 1.5 மடங்கோடு நிற்கும். எந்தக் கருவியும் இல்லை, உழவு நாளை முன்னால் கொண்டுவருவது மட்டுமே. நீங்கள் எழுதிய ஆறில் எதுவும் தனியாக இவ்வளவு தராது. அதனால் செயலி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், அது அறுவடைத் தேதியையும் உழவுத் தேதியையும் பதிவு செய்யும் செயலியாக இருக்கட்டும்.

அளவீடு பற்றி. மீத்தேன் மட்டும் அளந்தால் ஆய்வு பாதிதான். வயலைக் காயவிடும்போது காற்று உள்ளே போய் மீத்தேன் நுண்ணுயிரிகள் அடங்கும், ஆனால் மேலுரம் இட்ட மண் அந்த நேரத்தில் காய்ந்து நனைந்தால் நைட்ரஸ் ஆக்சைடு குபுக்கென்று வரும். 1 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 10 கிலோ மீத்தேனுக்குச் சமம் என்பதை மறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை அளக்கும் அட்டவணையில் இந்த எழுச்சி சிக்காது. உரமிட்ட பிறகும் வடித்த பிறகும் சில நாள் தினமும் எடுக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகு நிலம் சும்மா கிடக்கும் மாதங்களிலும் எடுக்க வேண்டும். ஆள்கூலியை அதற்கேற்ப வரைவில் போடுங்கள். இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் கஞ்சத்தனம் செய்யும்.

சேம்பர் (பயிர்மேல் கவிழ்த்து வாயுவைப் பிடிக்கும் மூடிய பெட்டி) வைப்பதில் ஒரு சங்கதி. சேற்றில் கால் வைத்தாலே மண்ணுக்குள் அடைபட்ட குமிழ்கள் பொத்துக்கொண்டு வரும். முதல் சிரிஞ்சில் இழுக்கும் காற்று வயலின் உமிழ்வு அல்ல, உங்கள் கால் மிதித்து வந்தது. வரப்பிலிருந்து சேம்பர் வரை பலகைப் பாதை போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள். அடிவளையத்தை முதல் நாளே அமுக்கி வைத்துவிடுங்கள். பயிர் வளர வளர மேலே அடுக்கும் இரண்டாம் பெட்டி தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் நெல்லில் மீத்தேன் பெரும்பகுதி தண்டின் காற்றறைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பயிரைத் தவிர்த்து இடுக்கில் சேம்பரைக் கவிழ்த்தால் அந்த எண் குப்பைக்குத்தான் போகும். உள்ளே சிறு விசிறி, வெப்பமானி. காலை ஒன்பது முதல் பதினொன்றுக்குள் எடுத்தால் அந்த நாளின் சராசரிக்கு ஓரளவு பக்கத்தில் வரும் என்பது நெல் வயல்களில் நடைமுறை. இரண்டு குழுவும் ஒரே நேர வரம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒரே அட்டவணையில் போடலாமா என்றால், அப்படியே போடக் கூடாது. நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு கூட்டாய்வில் ஒரு ஆய்வகம் ஆர்-ஸ்கொயர் (அளவுப் புள்ளிகள் ஒரு கோட்டில் எவ்வளவு பொருந்துகின்றன என்ற எண்) குறைவாக வந்த அளவீடுகளை எல்லாம் நீக்கியது, மற்றது வைத்துக்கொண்டது. ஒழுங்கில்லாத கோடு பெரும்பாலும் உமிழ்வு குறைந்த நாளில்தான் வரும். அதை நீக்கினால் குறைந்த எண்கள் மட்டும் போய் சராசரி மேலே ஏறிவிடும். இரண்டு இடங்களுக்கும் இடையே தெரிந்த வித்தியாசத்துக்கு மண் வகை காரணமென்று ஆளாளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எதை நீக்குவது என்ற விதியை முதல் பருவத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு, செறிவு தெரிந்த வாயுவை அடைத்த குப்பிகளைப் பெயரிடாமல் இரண்டு ஆய்வகங்களுக்கும் அனுப்புங்கள். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும்வரை வயலுக்குப் போகாதீர்கள்.

சென்சார்: மலிவான உலோக ஆக்சைடு சென்சார்கள் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஆடும். மூடிய சேம்பருக்குள் வெயில் நேரத்தில் அந்த இரண்டும்தான் ஏறும். அதனால் குரோமட்டோகிராஃபுக்கு மாற்றாக அதை எழுதாதீர்கள். அதே சேம்பரில் இரண்டையும் சேர்த்து வைத்து, சென்சார் எந்த நிலையில் எவ்வளவு தவறுகிறது என்று அளப்பதையே அந்தக் குழுவின் கட்டுரையாக்குங்கள். அவர்களுக்கு நல்ல கட்டுரை, உங்களுக்கு நிம்மதி. நைட்ரஸ் ஆக்சைடை அளக்க அந்த விலையில் அவர்களிடம் எதுவும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர் பெயர் விஷயம்: கிரெடிட் என்று 14 பங்களிப்பு வகைகள் கொண்ட வகைப்பாடு இருக்கிறது, பல ஆய்விதழ்கள் அதைக் கேட்கின்றன. ஐந்து குழுவும் அந்த அட்டவணையைத் திட்ட வரைவோடு சேர்த்து இப்போதே நிரப்பட்டும். பணம் வந்த பிறகு பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மேகத்துக்கு மேல்

நான் ரேடார் படங்களோடு வேலை செய்பவன். உங்கள் செயற்கைக்கோள் குழு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: "நீர் நிற்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று வானிலிருந்தே பார்த்துவிடலாம், களப்பதிவு கொஞ்சம் போதும்."

சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், உண்மை. மழைக்காலப் பயிருக்கு ஒளிப்படத்தை நம்ப முடியாது, அதுவும் உண்மை. ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். ஒரு காய்ச்சல் பல வயல்களில் அதற்குள் முடிந்து மறுபடி தண்ணீர் ஏறியிருக்கும். படத்தில் இரண்டு முறையும் ஈரமாகவே தெரியும், நடுவில் காய்ந்தது யாருக்கும் தெரியாது. பயிர் மூடிக்கொண்ட பிறகு அதன் குறுகிய சி-பேண்ட் ரேடார் அலை கீழே தண்ணீர்வரை போய்த் திரும்புவது கடினம், இலையிலேயே சிதறிவிடும். நீண்ட அலை கொண்ட எல்-பேண்ட் இதில் மேல். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ செயற்கைக்கோளான நிசார் அந்த வகைப் படங்களைத் தரக்கூடியது. ஆனால் அதற்கும் மறுவருகை 12 நாள்தான்.

ஆகவே வானத்திலிருந்து பார்ப்பதை மட்டும் நம்பாமல், வயல்நீர்க் குழாயை அடிப்படையாக வையுங்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அந்தத் துளையிட்ட குழாய்தான்: ஏறத்தாழ ஒரு அடி நீளம், பெரும்பகுதி மண்ணுக்குள். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். உழவரோ உதவியாளரோ அளவுகோலோடு படமெடுத்து அனுப்பும் நாட்கள், செயற்கைக்கோள் கடக்கும் நாட்களோடு பொருந்தும்படி அட்டவணை போடுங்கள். இது ஒரு பைசா செலவில்லாத ஒருங்கிணைப்பு, ஆனால் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. மெஷின் லேர்னிங் மாதிரியைச் சோதிக்கும்போது தரவை எழுந்தமானமாகப் பிரிக்க விடாதீர்கள். ஒரே வயலின் ஒரு மூலை பயிற்சியிலும் மறு மூலை சோதனையிலும் இருந்தால் துல்லியம் 95க்கு மேல் வந்து எல்லோரும் கைதட்டுவார்கள். ஒரு முழுப் பாசனப் பகுதியையே ஒதுக்கி வைத்து, அங்கே எப்படி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் இறங்கும். அந்த எண்ணைத்தான் திட்ட அறிக்கையில் எழுத வேண்டும்.

மடைக்காவல்

உழவர் கூட்டமைப்பு என்று ஐந்தாவதாகப் போட்டிருக்கிறீர்கள். வரைவை எழுதும்போது அவர்கள் அறையில் இருந்தார்களா, அல்லது வயல் தேவைப்படும்போது கூப்பிடலாம் என்றா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் பாசனச் சங்கங்களோடு வேலை செய்கிறவள். தண்ணீர் முறை வைத்து வரும் இடத்தில், அடுத்த முறை நிச்சயமா என்று தெரியாத உழவர் வயலைக் காயவிட மாட்டார். வரும்போதே கட்டி வைத்துக்கொள்வார், அதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். அங்கே குழாயும் சென்சாரும் செயலியும் கொடுத்து ஒன்றும் ஆகாது. முதலில் மடை திறக்கும் அட்டவணை உறுதியாக வேண்டும். அதை முடிவு செய்பவர் உங்கள் ஐந்து குழுவில் யாருமே இல்லை. ஆறாவதாகச் சேருங்கள்.

சேற்றுக்கால் சொல்லாமல் விட்ட ஒன்று: வயலுக்கு வயல் சீட்டுக் குலுக்கி, இது காய்ச்சல், அது தண்ணீர் என்று பிரிக்க முடியாது. பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் வரப்பு வழியாகக் கசிந்து காயவிட்ட வயலுக்கு வந்துவிடும். நண்டு வளை ஒன்று போதும். ஒரு மடையின் கீழ் உள்ள வயல்கள் அத்தனையும் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், குலுக்கலை மடைகளுக்கு இடையே செய்யுங்கள். அப்போது உங்கள் மாதிரி எண்ணிக்கை வயல்களின் எண்ணிக்கை அல்ல, மடைகளின் எண்ணிக்கை. புள்ளியியல்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஆண்டில் வந்து கையை விரிப்பார்.

காய்ந்த வயலில் களை அதிகம் வரும். அந்தக் கூலி யாருடையது? பூக்கும் பருவத்தில் தவறிக் காய்ந்து பதர் விழுந்தால் நட்டம் யாருடையது? பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற விதியோடு, அதையும் மீறி விளைச்சல் குறைந்தால் ஈடு தரும் ஒரு வரியும் ஒப்பந்தத்தில் வரட்டும். வயல் எல்லை, விளைச்சல், உரக்கணக்கு எல்லாம் உழவரின் தகவல். அது யாரிடம் போகும், கார்பன் வரவு (உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று) விற்கும் கம்பெனி வந்து கேட்டால் கொடுப்பீர்களா என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் நாங்கள் சங்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டோம்.

மண்வாசல்

மூவருக்கும் நன்றி. தாளில் கணக்குப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன்.

முதலில் வெட்டியது எங்கள் ஆய்வகத்தின் பங்கைத்தான், அதனால் மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. மேல் 30 செ.மீ. மண், அடர்த்தி 1.3, கார்பன் 1 சதவீதம் என்றால் ஹெக்டேரில் 39 டன் கார்பன் இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு ஏறுகிறது என்று தாராளமாக வைத்தாலும் மூன்றாண்டில் 1.00 என்பது 1.01 ஆகும். ஒரே வயலில் பத்தடி தள்ளி மண் எடுத்தாலே அதைவிட வித்தியாசம் வரும். மூன்றாண்டுத் திட்டத்தில் மண் கார்பன் உயர்ந்தது என்று எழுதினால் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பயோசார் போயிற்று. தொடக்க மண்மாதிரிகளை மட்டும் எடுத்து உலர்த்திப் பத்திரப்படுத்துகிறோம், பத்தாண்டு கழித்து யாராவது ஒப்பிடட்டும்.

இப்போதைய வரைவு: நீர் மேலாண்மையும் வைக்கோல் உழவுத் தேதியும் முதன்மை. குலுக்கல் மடைவாரியாக. சென்சார், குரோமட்டோகிராஃபோடு ஒப்பீட்டு ஆய்வாக. பாசனப் பொறுப்பாளர் ஒருவர் ஆறாவது உறுப்பினராகச் சம்மதித்துவிட்டார், அவர் கேட்ட முதல் கேள்வியே உங்கள் கேள்விதான், மடைக்காவல்.

ட்ரோன் குழுதான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது. நூறு கிலோவுக்காக நாங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது நேர்மையான வேலை உண்டா?

சேற்றுக்கால்

உண்டு, அதுவும் முக்கியமானது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் மேலுரத்தை எந்த நாளில் போடுவது என்பதுதான் நைட்ரஸ் ஆக்சைடைத் தீர்மானிக்கிறது. காய்ந்த மண்ணில் தூவி உடனே தண்ணீர் விடுவதா, தண்ணீர் ஏறிய பிறகு தூவுவதா, எத்தனை நாள் இடைவெளி? ஒரு மடையின் கீழ் உள்ள அத்தனை வயலுக்கும் ஒரே காலையில் உரம் போட ஆள் கிடைக்காது, ட்ரோனால் முடியும். அளவைக் குறைப்பதை விட்டுவிட்டு நாளைச் சரியாகப் பிடிப்பதை அவர்கள் சோதிக்கட்டும். ஒரே அளவு உரம், இரண்டு வெவ்வேறு நேரம், பக்கத்தில் சேம்பர்.

ஒரு நிபந்தனை மட்டும். தினசரி வாயு எடுக்கும் அந்த நாட்களின் ஆள்கூலியில் பாதியை அவர்கள் பட்ஜெட்டிலிருந்து கேளுங்கள். சம்மதித்தால் நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம்.

மடைக்காவல்

காலையில் ட்ரோன் பறக்கும் நாளை முதல் நாளே மடை பார்ப்பவருக்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்கியதும் திறந்துவிடுவதுதான் அவர் வழக்கம், உங்கள் ஆய்வுக்காகக் காத்திருக்க மாட்டார்.